நடுக்கத்துக்குக் காத்திருந்தேன்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் "வலிப்பு நோவா?" என்று கேட்டார்கள். மீதிப்பேர் கடலில் ஏதாவது பிடித்துக்கொண்டதா என்று கேட்டார்கள். ஒருத்தி கையோடு வேப்பிலையும் கொண்டுவந்துவிட்டாள். ரெண்டும் இல்லை தாயே, சக்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கடலில் இறங்கினேன், அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்துக்கு நான் செயலாளர். கூட்ட நோட்டில் எழுதிப் பழகிய கை, அதனால் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் முனீஸ்வரி. வயது நாற்பத்து நாலு. மண்டபத்துக்கு மேற்கே கடலோரத்தில் வீடு. வீட்டுக்காரர் கருப்பையா வள்ளத்தில் மீனுக்குப் போகிறார். நான் பாசிக்குப் போகிறேன். கடலுக்கடியில் பாறைமேல் வளரும் பாசி அது. மருந்து, ஜெல்லி, ஐஸ்கிரீம் எல்லாவற்றிலும் போடுகிறார்களாம். நான் ஐஸ்கிரீம் தின்று பதினோரு வருடம் ஆகிறது, அதனால் எனக்கு அதைப் பற்றித் தெரியாது.

மாதத்தில் பன்னிரண்டு நாள் எடுப்போம். மற்ற நாள் பாசியை வளர விட்டுவிடுவோம். கண்ணில் கண்ணாடி, காலில் துடுப்பு மாதிரி தகரத்தட்டு, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து கையால் பிய்த்துப் பையில் போட வேண்டும். பாறை விரலைக் கிழித்துவிடும் என்பதால் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் துணி சுற்றுவோம். இடது கைக்கு நாமே சுற்றிக்கொள்ளலாம். வலது கைக்கு இன்னொருத்தி வேண்டும். அப்படி ஒருத்திக்கு ஒருத்தி கட்டிவிடுகிறவர்கள்தான் ஜோடி. ஒருத்தி முங்கினால் மற்றவள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஜோடி இல்லாதவள் தண்ணீரில் இறங்கக் கூடாது. சங்கம் வருவதற்கு முன்பிருந்தே எங்கள் ஊரில் இருக்கிற கட்டுப்பாடு இது.

எனக்குப் பத்தொன்பது வருடமாகப் பாண்டியம்மா அக்காதான் ஜோடி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். பேச்சு கம்மி, பிடிவாதம் அதிகம். நான் பேச்சும் அதிகம், பிடிவாதமும் அதிகம்.

மூன்று வருடத்துக்கு முன்பு மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார்கள். ஊசி போட்டு அரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும் என்று நர்ஸம்மா தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் பாசிக்குப் போகிற எவளும் சாப்பிட்டுவிட்டு இறங்க மாட்டாள். வயிறு நிறைந்திருந்தால் முங்கும்போது குமட்டும், மூச்சும் நிற்காது. ஒரு டம்ளர் பாலில்லாத வரட்டீ, அவ்வளவுதான். பகலில் கரைக்கு வந்த பிறகுதான் சோறு. ஆக, நான் என்ன செய்தேன்? ஊசியையும் விடவில்லை, வழக்கத்தையும் விடவில்லை. காலை ஆறு மணிக்கு ஊசி, சக்கரை போடாத வரட்டீ, ஆறரைக்கு வள்ளம்.

ஆரம்பத்தில் தண்ணீருக்குள் கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், பசி குடலைப் பிடுங்கும். குளிர் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு அது குறைந்தது. ஒரு வருடமாகச் சுத்தமாக நின்றுவிட்டது. சக்கரை குணமாகி வருகிறது என்று நம்பி, கோயிலில் ஒன்பது தேங்காய் உடைத்தேன். என் முட்டாள்தனத்துக்கு அந்தத் தேங்காய்தான் சாட்சி.

அன்றைக்கு நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை. பாண்டியம்மா அக்கா சொன்னதைத்தான் சொல்கிறேன். பத்து மணி இருக்கும். முங்கி எழுந்த நான் வள்ளத்தின் பக்கம் வராமல் ஆழத்தைப் பார்த்து நீந்திப் போனேனாம். அவள் கூப்பிட்டதற்குக் காதில் விழக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேனாம். பிடிக்க வந்தவளின் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் அமுக்கினேனாம். அவள் இரண்டு தடவை தண்ணீர் குடித்து, வேறு வழியில்லாமல் என் முன்கையைக் கடித்துத்தான் தப்பித்தாள். அதன் பிறகும் விட்டுவிட்டுப் போகவில்லை. தலைமுடியைப் பிடித்து வள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். அந்தப் பல் தடம் இன்னும் இருக்கிறது.

வள்ளத்தில் எனக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. கரையிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றியதும் விரலில் குத்திப் பார்த்திருக்கிறார்கள். சக்கரை முப்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு என்று கணக்கு. நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற, ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கண்ணைத் திறந்தேன். எதிரே தலையெல்லாம் ஈரமாகப் பாண்டியம்மா அக்கா. "என்னக்கா, பாசி எடுக்கலையா?" என்று கேட்டேனாம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்படி வெட்டி இழுத்ததால் ஆறு நாள் வைத்திருந்தார்கள். தலை ஸ்கேனுக்கு ஒரு பகல் முழுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மூளையில் கட்டியோ கசிவோ இருக்கிறதா என்று பார்க்கும் படம் அது. எனக்குக் கட்டி பற்றி அவ்வளவு பயமில்லை. ஏன் பயமில்லை என்று கேட்டால் தெரியாது. கருப்பையாதான் ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்று உட்கார்ந்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

இரண்டாம் நாள் டாக்டரம்மா வந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. என் மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருந்தார். ரத்தத்தில் சக்கரை மூன்று மாதமாக எப்படி இருந்தது என்று ஒரே எண்ணில் சொல்லும் சோதனை அது. ஏழுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள், என்னுடையது எப்போதும் ஆறுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். எங்கள் சங்கத்திலேயே நல்ல ரிப்போர்ட் என்னுடையதுதான் என்று எனக்குப் பெருமை உண்டு.

"ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நல்ல சக்கரை இல்ல. பாதி நாள் பாதாளத்துல கெடந்துருக்கீங்க, அதான் சராசரி அழகா வந்துருக்கு" என்றார். "கை நடுங்கலையா? வேர்க்கலையா? படபடன்னு வரலையா?"

"கடலுக்குள்ள எங்கிட்டும்மா வேர்வையைப் பாக்குறது?"

"சரி, கரையில இருக்கறப்ப?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். "முந்தி வரும். இப்ப ஒரு வருசமா வர்றதில்ல. நோவு கொறைஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "முதமுதல்ல கடல்ல முங்குனப்ப எம்புட்டு நேரம் மூச்சைப் பிடிப்பீங்க?"

"பத்து எண்ணுறதுக்குள்ள மேல வந்துருவேன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும்."

"இப்ப?"

"அறுபது, எழுபது எண்ணுவேன்."

"நெஞ்சு வெடிக்கலையா?"

"அது கத்தும். நான் காதுல வாங்க மாட்டேன்."

"கத்துறதே கொறைஞ்சிருக்குமே?"

ஆமாம், குறைந்துதான் இருந்தது. நான் அதுவரை அதை யோசித்ததே இல்லை.

பிறகு அவர் ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு செடிவேர் மாதிரி வரைந்தார். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை, நடுவில் மயிரிழை இடைவெளி. அந்த இடத்துக்குப் பெயர் சினாப்ஸ், தமிழில் நரம்பு இணைப்பு. ஒரு நரம்பு அந்த இடைவெளியில் மருந்துத் துளி மாதிரி ஒன்றை விட்டு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லும். ஒரு சேதி எத்தனை தடவை, எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்து அந்த இணைப்பு வலுக்கும், அல்லது தளரும். பிறந்தபோது இருந்த மாதிரியே கடைசிவரை இருக்காது. நாம் சைக்கிள் கற்றுக்கொள்வது, முகம் மறக்காமலிருப்பது எல்லாம் இப்படித்தான். அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது அடுத்த விஷயம். படிப்புக்கும் ஞாபகத்துக்கும் மட்டும் இல்லையாம் அது. உடம்புச் சூடு, உப்பு, தண்ணீர், சக்கரை எல்லாம் ஓர் அளவில் நிற்பதற்கு மூளையின் அடியில் ஓர் இடம் காவல் பார்க்கிறது. அங்கேயும் இதே இணைப்புகள்தான், அவையும் பழகும்.

"சக்கரை எறங்குனா அந்த எடம் அலாரம் அடிக்கும். அந்த அலாரந்தான் நடுக்கம், வேர்வை, பயம் எல்லாம். நீங்க மாசத்துக்குப் பன்னெண்டு நாள் எறக்கிவிட்டீங்க. இதுதான் இந்தம்மாவுக்கு வழக்கம்போலன்னு மூளை அலாரத்தைக் கொறைச்சுக்கிருச்சு. அங்கன என்னென்ன மாறுதுன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது, ஆராய்ஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா பழகிப்போகுதுங்கிறது நிச்சயம். மூச்சுக்குப் பழகுன மூளைதானே, சக்கரைக்கும் பழகிருச்சு."

"அப்ப திரும்பவும் பழக்கலாமுல்ல?"

"சக்கரை தாழவே விடாம சில வாரம் காப்பாத்துனா நெறையப் பேருக்கு அலாரம் திரும்பி வருது. எல்லாருக்கும் வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"கடலு?"

"அது திரும்புற வரைக்கும் இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளை மாதிரி இருக்கிறாள், கடலைக் கண்டிருப்பாளா இவள் என்று மனதுக்குள் திட்டினேன். மூன்றாம் நாள் பாண்டியம்மா அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தபோது கோபத்துக்கும் இடமில்லாமல் போய்விட்டது. அவள் பழத்தை உரித்துச் சுளையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏத்தா, நான் இனிமே ஒன்னோட எறங்கல."

"அக்கா!"

"ஒம்மேல கோவம் இல்ல. அன்னைக்கு என்னை அமுக்குனப்ப ஒங் கண்ணைப் பாத்தேன். அங்கன நீ இல்ல. எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு."

"ஒரு வருசமா நடுக்கம் வரலைன்னு நான் ஒன்கிட்ட சொல்லியிருக்கணும்க்கா."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்று எழுந்துகொண்டாள். அவள் போன பிறகு நான் அழுதேன். கட்டியா என்று ஸ்கேன் எடுத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. பாண்டியம்மா இல்லையென்றால் எனக்குக் கடல் இல்லை, டாக்டர் விட்டாலும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் கீழக்கரை ஜெய்னம்பு லாத்தா இருந்தார், அவர்கள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள். காலில் புண், அவருக்கும் சக்கரை. மகன் துபாயிலிருந்து அனுப்பிய பேரீச்சம்பழம் ஒரு டப்பா நிறைய வைத்துக்கொண்டு, தானும் தின்ன முடியாமல் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஏன் அழுகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

"ஆச்சரியமா இருக்கும்மா. ஊரு ஒலகமெல்லாம் நடுக்கம் போகணும்னு கேக்குது, நீ நடுக்கம் வரணும்னு அழுகுறே! சரி, நான் ஒனக்காக துஆ செய்யிறேன். அல்லா நல்லா நடுங்க வைப்பான்" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. வீட்டுக்குப் புறப்படும்போது அந்த டப்பாவை என் பையில் திணித்துவிட்டார். சக்கரை தாழ்ந்தால் முதலில் குளுக்கோஸ் தண்ணீர், அதில் சக்கரை ஏறியபிறகு பேரீச்சம்பழம் என்று நர்ஸம்மா முறை சொல்லிக்கொடுத்தார்.

வீட்டில் புது நியமம் ஆரம்பமானது. ஊசியின் அளவைக் குறைத்து, சக்கரை கொஞ்சம் மேலேயே நிற்கட்டும் என்று விட்டார்கள். ஊசி ஏழரைக்கு, இட்லி எட்டுக்கு, சுண்டல் பதினொன்றுக்கு. இருபது வருடமாகக் கடலிலிருந்து வந்து பத்து மணிக்குச் சாப்பிடுகிற கருப்பையா, கடலுக்குப் போகாத நாளெல்லாம் எட்டு மணிக்கு என் எதிரே தட்டோடு உட்கார்ந்தார். பசிக்கவே பசிக்காது அவருக்கு. "எனக்குப் பசிக்கிது, நீயும் சாப்புடு" என்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

டாக்டரம்மா இன்னொரு வேலை கொடுத்திருந்தார். மெஷினில் பார்ப்பதற்கு முன்பு, இப்போது என் சக்கரை எவ்வளவு இருக்கும் என்று உடம்பைக் கேட்டு எழுத வேண்டும். பிறகு விரலில் குத்தி அதன் பக்கத்தில் மெஷின் சொன்னதை எழுத வேண்டும். உடம்பு சொல்வதைக் கேட்கும் பயிற்சியாம். சங்க நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்தி போட்டேன். "நான்", "மெஷின்". முதல் மூன்று வாரம் அந்த நோட்டைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். நான் நூற்று ஐம்பது என்று எழுதியிருப்பேன், மெஷின் இருநூற்றுப் பத்து என்றிருக்கும். நான் இருநூறு என்றால் அது நூற்றிரண்டு. இவ்வளவு காலம் இந்த உடம்போடு குடியிருந்தும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பாசி நாட்களில் கரையில் எனக்குக் காயப்போடுகிற வேலை. மணலில் சாக்கு விரித்துப் பாசியைக் கொட்டி, கல், சிப்பி பொறுக்கிப் பரப்ப வேண்டும். வள்ளம் திரும்பி வரும்போது என் கண் பாண்டியம்மாவின் வலது கையைத்தான் பார்க்கும். செல்வி என்ற பெண்ணோடு ஜோடி சேர்ந்திருந்தாள். அந்தப் பெண் பச்சைத் துணியில் கட்டியிருந்தாள், முடிச்சை உள்ளங்கைப் பக்கம் போட்டிருந்தாள். அப்படிப் போட்டால் பிய்க்கும்போது உறுத்தும். நான் எப்போதும் நகத்துப் பக்கம்தான் போடுவேன். அந்த முடிச்சைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் பாசியைக் கொட்டிவிட்டுப் பாண்டியம்மா என் பக்கத்தில் வந்து உட்காருவாள். நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவாள். இரண்டாம் வகுப்போடு நின்றவள், எண் மட்டும் படிப்பாள். பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவாள். ஐந்தாவது வாரத்தில் "நான்" பத்தியும் "மெஷின்" பத்தியும் கொஞ்சம் கிட்ட வந்தன. அன்றைக்கு "ம்" என்றாள்.

ஏழாவது வாரம். பாசி வாங்குகிற வியாபாரி வண்டி தாமதமாக வந்ததால் பதினொரு மணிச் சுண்டலைத் தின்ன மறந்துவிட்டேன். பன்னிரண்டு மணி வெயிலில் சாக்கின் ஓரத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று காரணமே இல்லாமல் ஒரு பயம் வந்தது. பின்னால் யாரோ நிற்கிற மாதிரி. பிறகு உதட்டைச் சுற்றி மதமதப்பு, பிடரியில் சில்லென்று வேர்வை. கையிலிருந்த பாசி ஆடியது. காற்று என்று நினைத்தேன். காற்று இல்லை. என் கை ஆடியது.

"அக்கா!" என்று கத்தினேன். வண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, எனக்கு நடுங்குதுக்கா!"

பாண்டியம்மா சாக்குகளைத் தாண்டி ஓடிவந்தாள். கையில் குளுக்கோஸ் பாட்டில். ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன்னால் நோட்டை என் மடியில் போட்டாள். "எழுது மொதல்ல. எம்புட்டு?"

நடுங்குகிற கையோடு அறுபத்தைந்து என்று எழுதினேன். விரலில் குத்தினாள். மெஷின் ஐந்து நொடி எண்ணியது. அறுபத்தாறு.

குளுக்கோஸ் தண்ணீர் குடித்துக்கொண்டே நான் அழுகிறேன், சிரிக்கிறேன். முப்பத்தொன்றிலும் வாயைத் திறக்காத உடம்பு அறுபத்தாறிலேயே சத்தம் போட்டுவிட்டது. ஜெய்னம்பு லாத்தாவின் பேரீச்சம்பழம் கடைசியாக நாலு இருந்தது. எனக்கு மூன்று, பாண்டியம்மாவுக்கு ஒன்று. அவள் கொட்டையை நெடுநேரம் வாயில் வைத்திருந்தாள். மறுபடி என்னோடு இறங்குவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

நோட்டைப் பார்த்த டாக்டரம்மா இன்னும் மூன்று வாரம் பார்ப்போம் என்றார். பார்த்தோம். அதன் பிறகு நிபந்தனையோடு விட்டார். பாசி நாளில் காலை ஊசி பாதிதான், இறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கஞ்சி, இறங்கும் முன் மெஷின், மணிக்கொரு தடவை வள்ளத்தில் ஏறிப் பார்க்க வேண்டும், இடுப்பளவு தண்ணீரைத் தாண்டக் கூடாது, துணை இல்லாமல் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். கடைசி நிபந்தனைக்கு ஆட்டும்போது மட்டும் பாண்டியம்மாவின் நினைப்பு வந்தது.

வளர்பிறையில் பாசி ஆரம்பித்த முதல் நாள், ஐந்தரைக்கே கஞ்சி குடித்துவிட்டுக் கரைக்குப் போனேன். காயப்போடுகிற சாக்கை எடுத்துக்கொண்டுதான் போனேன். பெண்கள் ஈர மணலில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து விரலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வி இன்னொரு பெண்ணுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். பாண்டியம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். இடது கைக்குச் சுற்றி முடித்துவிட்டிருந்தாள்.

"கஞ்சி குடிச்சியா?" என்றாள், என்னைப் பார்க்காமலே.

"குடிச்சேன்க்கா."

"மிசினு என்ன சொல்லுச்சு?"

"நூத்தி நாப்பத்தெட்டு."

"அது சொல்றதுக்கு முன்னாடி நீ என்ன எழுதுன?"

"நூத்தி நாப்பது."

மடியிலிருந்து சிவப்புச் சேலைத் துணியை எடுத்து என் முன்னால் போட்டாள். வலது கையை நீட்டினாள்.

"முடிச்சை நகத்துப் பக்கம் போடு" என்றாள்.